அப்போது என் தம்பி சாலையைப் பார்க்கவில்லை

என் பெயர் பிரேமலா. தகப்பனார் பெயர் சுப்பையா. வயது நாற்பத்து நான்கு. பத்து பாகாட், தாமான் மெலோர் குடியிருப்பில் என் கணவர் அர்ச்சுனன், மகள் லோஷினி ஆகியோருடன் குடியிருக்கிறேன். இவ்வூரில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை. நானாகவே இந்தப் போக்குவரத்துப் போலீஸ் நிலையத்திற்கு வந்து இதைச் சொல்கிறேன். எனக்கு மலாய் நன்றாகப் பேச வரும். இருந்தாலும் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். காரணம், இதே நிலையத்தில் நான் முன்பு சொன்ன பொய்யை மலாயில் சொன்னேன். அது இரண்டே வார்த்தையில் முடிந்துவிட்டது. இது அப்படி முடியாது. சார்ஜன் கமலநாதன் நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு மலாயில் பெயர்த்து வைப்பதாகச் சொன்னார். சம்மதித்தேன்.

சுகுமாறன் என் உடன்பிறந்த தம்பி. வயது முப்பத்து நான்கு. இன்னும் திருமணம் ஆகவில்லை. சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் லாரி ஓட்டுகிறான். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் தன் சொந்தக் காரில் ஆயர் ஈத்தாம் ஊர் வழியாக என் வீட்டிற்கு வந்து, ஞாயிறு மாலை திரும்பிப் போவது வழக்கம். வண்டி ஓட்டும்போது அவன் யாருடனும் கைப்பேசியில் பேச மாட்டான். யார் அழைத்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் திரும்ப அழைப்பான். என் அழைப்பை மட்டும் எந்த இடத்தில் இருந்தாலும் எடுத்துவிடுவான். எங்கள் அம்மா மருத்துவமனையில் இறந்த அன்று நான் அவனைப் பலமுறை அழைத்தேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால் அவன் எடுக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது அம்மாவை வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டோம். அதன் பிறகு கைப்பேசியில் என் பெயர் தெரிந்தால் அவனால் எடுக்காமல் இருக்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று அழைத்தேன்.

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை என் மகள் லோஷினிக்கு இருபத்தோராவது பிறந்தநாள். வீட்டில் விருந்து வைத்திருந்தோம். பிற்பகலில், சொல்லி வைத்திருந்த கேக்கை வாங்குவதற்காக நான் மட்டும் காரில் டவுனில் உள்ள கேக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர். பெயரை நான் தொலைபேசியில்தான் சொல்லியிருந்தேன். பெட்டியைத் திறந்து காட்டியபோது கேக்கின் மேல் ‘லோ ஷின் நீ’ என்று சீனப் பெயரைப் போல மூன்று துண்டாகப் பிரித்து எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் அழித்து எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தம்பிக்குக் காட்டுவதற்காகக் கைப்பேசியை எடுத்தேன். அதில் வேறு எந்த அவசரமும் இல்லை. அவன் வீட்டிற்கு வந்து பார்த்திருக்கலாம்.

முதலில் சாதாரண அழைப்புதான் செய்தேன். உடனே எடுத்தான்.

“அக்கா, ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஆயர் ஈத்தாம் தாண்டிட்டேன். வந்து பேசுறேனே” என்றான்.

“ஒரு நிமிஷம்டா. வீடியோ போடு. ஒண்ணு காட்டணும்.”

“ரோட்ல இருக்கேன்க்கா.”

“ஒரே ஒரு செகண்டு லா. பாத்துட்டு வெச்சிடு.”

அதன் பிறகு நான் அந்த அழைப்பை நிறுத்திவிட்டுக் காணொளி அழைப்புக்கு மாறினேன். எடுத்தான். கைப்பேசி அவன் கையில் இருந்தது. அவன் முகம் கீழிருந்து தெரிந்தது. கன்னத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. பெல்ட் போட்டிருந்தான். நான் கேமராவைக் கேக்கின் பக்கம் திருப்பினேன். “சரியா தெரியலக்கா, கிட்ட காட்டுங்க” என்றான். கிட்டக் கொண்டுபோனேன். அவன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். படித்துவிட்டு, “அலமாக்! நம்ம புள்ளய சீனத்தி ஆக்கிட்டானுங்கக்கா!” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினான். அவன் சிரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு நான் கேமராவை மறுபடியும் என் பக்கம் திருப்பினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. திரையில் காரின் கூரை தெரிந்தது, அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை. “அக்கா… அக்கா…” என்று அவன் இரண்டு மூன்று முறை கூப்பிட்டது மட்டும் கேட்டது. பிறகு கார்க் கதவு திறக்கும் சத்தமும் அவன் ஓடும் சத்தமும் கேட்டன.

அவன் எவ்வளவு நேரம் சாலையைப் பார்க்காமல் இருந்தான் என்று சார்ஜன் கேட்டார். விநாடிக் கணக்கில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று சொற்களைப் படித்து, அந்த வார்த்தையைச் சொல்லி, சிரித்து முடிக்கும் அளவு நேரம். அந்த நேரம் முழுவதும் அவன் கண்கள் திரையின் மேல்தான் இருந்தன. கடைசியில் என் முகத்தின் மேல் இருந்தன. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அதன் பிறகு நான் பெட்டியை மூடச் சொல்லி, கேக்கை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். அந்த நிலையிலும் அதைக் கடையில் விட்டுவிட்டு ஓடி வரவில்லை. பின் இருக்கையில் சாயாமல் இருக்கும்படி ஒரு துணியை அணைவாக வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். ஆயர் ஈத்தாம் செல்லும் சாலையில், பாரிட் ராஜா ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலையோரம் கூட்டம் நிற்பதைக் கண்டு காரை நிறுத்தினேன். அங்கே அடிபட்டவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் கால்வாய்க்குள் தலைகீழாகக் கிடந்தது. அதில் கட்டியிருந்த மூட்டை பிரிந்து வெங்காயம் சாலை எங்கும் உருண்டு கிடந்தது. மலாய்க்காரர் ஒருவர் மற்ற வண்டிகள் வழுக்காமல் இருப்பதற்காக அவற்றைப் பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என் தம்பி புல்லில் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையிலும் கால்சட்டையிலும் இரத்தம். அடிபட்டவரின் தலையை ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் மடியில் வைத்திருந்தான் என்று பிறகு அறிந்தேன்.

நான் அவனிடம், “என்னடா ஆச்சு?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. நான் பாக்கல. சத்தந்தான் கேட்டுச்சு.”

அப்போது வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர், சற்றுத் தள்ளி வலப்புறம் கம்பம் என்னும் கிராமக் குடியிருப்பிற்குப் போகும் சந்திப்பைக் காட்டி, மோட்டார்க்காரர்கள் பலர் இங்கே பின்னால் பார்க்காமல் திடீரென்று திரும்புவார்கள், இதற்கு முன்பும் விபத்து நடந்திருக்கிறது என்று மலாயில் சொன்னார். இந்த விபத்து எப்படி நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அவர் பார்க்கவும் இல்லை. பொதுவாகத்தான் சொன்னார். அதை நான் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு தம்பியின் அருகில் குனிந்து, “கம்பத்துக்குத் திரும்புற மோட்டாரு சிக்னல் போடாம உள்ள வந்துச்சுன்னு சொல்லு. போன பத்தி வாயத் தொறக்காத. கால் வந்தத அழிச்சிடு” என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்தான். திரையில் விரல் சரியாகப் படவில்லை. நான் கைப்பேசியை வாங்கி அவனுக்காக அழித்துக் கொடுத்தேன். கேக் கடைக்காரர் நாங்கள் பேசியதைப் பார்த்தார் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. என் கைப்பேசியில் இருந்த பதிவை நான் இன்றுவரை அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை புகார் செய்வதற்காக நானும் தம்பியும் இந்த நிலையத்திற்கு வந்தோம். நான் சொல்லிக் கொடுத்தபடியே அவன் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து, கைப்பேசி பயன்படுத்தினாயா என்று மலாயில் கேட்டார். என் தம்பி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, “தாக் அடா, என்சிக்” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அப்படி எதுவும் இல்லை, ஐயா என்பது அதன் பொருள். நீ காரில் இருந்தாயா என்று அதிகாரி என்னைக் கேட்டார். இல்லை, ஆனால் இவன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறவன், கைப்பேசி விஷயத்தில் மிகவும் கவனமானவன் என்று சொன்னேன். இந்த இரண்டாவது பதில் உண்மை. அதனால்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் லோஷினி கேக்கை வெட்டினாள். விபத்து நடந்தது அவளுக்குத் தெரியும். அது எப்படி நடந்தது என்று தெரியாது. தன் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “மாமா இத பாத்தாங்களாம்மா?” என்று கேட்டாள். பார்த்தான் என்று சொன்னேன். தம்பி அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அதன் பிறகு இரண்டு மூன்று நாட்கள் கழித்து நான் மருத்துவமனைக்குப் போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அடிபட்டவர் இறந்துவிட்டால் தம்பிக்கு என்ன ஆகும் என்ற பயத்தில்தான் போனேன். அடிபட்டவர் பெயர் ஜமால் என்றும், வயது ஐம்பதுக்கு மேல் என்றும், ஓர் உணவுக் கடையில் ரொட்டி போடுகிறவர் என்றும் அங்குதான் தெரிந்துகொண்டேன். தமிழ் முஸ்லிம். தலையில் அடிபட்டுச் சுயநினைவு இல்லாமல் இருந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாக இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டிலருகில் அவருடைய மனைவி மஹ்மூதா உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்டார். கார் ஓட்டியவனின் அக்கா என்று சொன்னேன். அவர் எழுந்தார். என்னை ஏசப்போகிறார் என்று நினைத்து நின்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க தம்பிதான் இவரு தலைய மடியில வெச்சுக்கிட்டு இருந்தாராமே. ஆம்புலன்ஸ்ல வந்த ஆளு சொன்னாரு. வேற யாராச்சும்னா அடிச்சிப் போட்டுட்டு ஓடியிருப்பாங்க. அல்லாஹ் அவர நல்லா வெக்கணும் தங்கச்சி.”

பிறகு கட்டிலின் பக்கம் திரும்பி, கண் மூடிக் கிடந்த தன் கணவரிடம், “எத்தன தடவ சொல்லியிருக்கேன், சிக்னல் போட்டுத் திரும்புங்கன்னு. கேட்டீங்களா? வீட்டுக்கிட்ட வந்ததும் ஒரு அவசரம்” என்று ஏசினார். போலீசார் அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். போலீசாரிடம் அப்படிச் சொன்னது நாங்கள். நான் அதை மறுக்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

அதன் பிறகு வேலை முடிந்ததும் அடிக்கடி அங்கே போனேன். பழமும் மைலோ மாவும் வாங்கிப் போவேன். மஹ்மூதா எனக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருப்பார். அவர் தொழுகைக்குப் போய் வரும்வரை நான் கட்டிலருகில் இருப்பேன். ஜமாலுக்கு நினைவு திரும்பிய அன்று மஹ்மூதா முதலில் எனக்குத்தான் அழைத்துச் சொன்னார். பார்க்க வந்த உறவினர்களிடமும் கடை முதலாளியிடமும், தவறு இவர் மேல்தான், அந்தப் பிள்ளைகளை ஒன்றும் சொல்ல முடியாது என்று என்னை வைத்துக்கொண்டே சொல்வார். வந்தவர்களில் ஒருவர், இந்த வயதில் மோட்டாரில் இப்படியா திரும்புவது என்று ஜமாலைக் கடிந்துகொண்டார். ஜமால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒருநாள் சீருடையில் வந்த அதிகாரி ஒருவர், சந்திப்பில் சிக்னல் போடாமல் திரும்பியதாகப் புகாரில் இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று அவரிடம் மலாயில் கேட்டார். நான் அப்போது கட்டிலின் மறுபக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தனக்கு எதுவும் நினைவில்லை என்றும், மற்றவர்கள் அப்படிச் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்றும் ஜமால் சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொண்டு போனார். நான் உரித்த பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து ஜமாலிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். அவன் வர மறுத்தான். மஹ்மூதா அவனைப் பார்க்க வேண்டும் என்று பலமுறை சொல்லிவிட்டதால் நான்தான் வற்புறுத்தினேன். ஜமாலைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். இவன்தான் என்று மஹ்மூதா சொன்னதும் அவர் கையை நீட்டினார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

“தம்பி… மன்னிச்சுக்குங்க. என்னால ஒங்களுக்கும் ரொம்பச் செரமம். காருகூட முன்னால நசுங்கிடுச்சாமே. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எப்பவும் பாத்துத்தான் திரும்புவேன். அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணுனேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்… வரமாட்டேங்குது.”

என் தம்பி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “பரவால்லண்ணே” என்றான். நானும் “பரவால்லண்ணே” என்றேன். அவர் செய்ததாக நாங்களே சொன்ன ஒரு தவற்றுக்கு நாங்கள் இரண்டு பேரும் அவரை மன்னித்தோம். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மஹ்மூதா எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

அதன் பிறகு கார் நிறுத்தும் இடத்திற்கு வந்ததும் தம்பி கால்வாய் ஓரம் போய் வாந்தி எடுத்தான். நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு, “போய்ச் சொல்லிடலாம்டா” என்றேன்.

“என்ன சொல்றது?”

“நடந்தத.”

“சொன்னா லைசென்சு போகும். வேல போகும். உள்ள தூக்கிப் போடுவாங்க. அன்னைக்கு அப்படிச் சொல்லுன்னு சொன்னதே நீங்கதானக்கா? நான் கேட்டனா?”

“நாந்தான் சொன்னேன்.”

“இப்ப நீங்களே போயி மாத்திச் சொல்வீங்களா?”

“ஆமாண்டா.”

அவன் என்னை அடிக்க வருவதுபோல ஓர் அடி முன்னால் வந்தான். அப்படி அவன் ஒருநாளும் வந்ததில்லை. பிறகு போத்தலைத் தரையில் வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்து போய்விட்டான். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. இன்று நான் இங்கே வரப்போவதைக் குறுஞ்செய்தியில் தெரிவித்தேன். படித்ததற்கான அடையாளம் தெரிந்தது. பதில் இல்லை.

என் கணவரிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவருக்கும் தெரியாது. “கூடப் பொறந்தவன் வாழ்க்கடி அது. நல்லா யோசிச்சுக்க” என்று மட்டும் சொன்னார். இன்று காலை நான் கேட்காமலே வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, என்னைக் காரில் முதலில் மருத்துவமனைக்கும் பிறகு இங்கேயும் கொண்டுவந்து விட்டார்.

மருத்துவமனைக்கு முதலில் போனதற்குக் காரணம், போலீசார் சொல்லி மஹ்மூதா தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்ததுதான். அவர் வார்டுக்கு வெளியே கை கழுவும் இடத்தில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்ன தங்கச்சி, இன்னைக்கு வேல இல்லயா?” என்று கேட்டார். அங்கேயே நின்று, கேக்கிலிருந்து தொடங்கி, நான் போலீசிடம் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை.

“அப்ப இவரு சிக்னல் போடலங்கிறது?”

“தெரியாதுக்கா. யாரும் பாக்கல. தம்பி என்னதான் பாத்துக்கிட்டு இருந்தான். சிக்னல் போடலன்னு சொன்னது நான். நானா சேத்துச் சொன்னது.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வார்டு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு, “யா அல்லாஹ்… இத்தன நாளா இவரத் திட்டிக்கிட்டே இருந்தேனே. நெனவு இல்லாம கெடந்தப்பகூடத் திட்டுனேனே” என்று சொன்னார். அதை இரண்டு முறை சொன்னார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “நீங்க இனிமே இங்க வராதீங்க” என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோன பழப் பையை வைத்துவிட்டு வரலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கைப்பேசியைச் சார்ஜன் கமலநாதனிடம் ஒப்படைத்துவிட்டேன். அன்றைய இரண்டு அழைப்புகளும் அதில் இருக்கின்றன. கேக் கடை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன். போலீசாருக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்காகவும், கைப்பேசிப் பதிவை அழித்ததற்காகவும் என் மேலும் குற்றம் சாட்டப்படலாம் என்று சார்ஜன் எடுத்துச் சொன்னார். வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வர விருப்பமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை.

எழுதியதைச் சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், ‘வாகனமோட்டியின் கவனம் சிதறியது’ என்று எழுதப்பட்டிருந்தது. அவன் கவனம் தானாகச் சிதறவில்லை. சாலையில் இருக்கிறேன் என்று அவன் சொன்ன பிறகும் நான்தான் அவனைப் பார்க்கச் சொன்னேன். அப்படியே மாற்றி எழுதச் சொன்னேன். மாற்றி எழுதினார். என் தம்பி மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் எடுக்காமல் இருந்திருக்கலாம். அதை அவன் வந்து சொல்ல வேண்டும். என் பங்கைத்தான் நான் சொல்ல முடியும்.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று சார்ஜன் கேட்டார். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஜமாலிடம் தவறு அவருடையது என்று சொன்னவர் சீருடையில் வந்த ஒருவர். மஹ்மூதா இனிமேல் அதை மாற்றிச் சொன்னாலும், ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றுதான் அவர் நினைப்பார். படுத்துக்கொண்டு இன்னமும் அந்தச் சந்திப்பை யோசித்துக்கொண்டிருப்பார். எனக்கு அங்கே போக அனுமதி இல்லை. ஆகவே சீருடையில் ஒருவர் அவரிடம் போய், அவர் தவறு செய்ததை யாருமே பார்க்கவில்லை என்று, அவருக்கு நன்றாக விளங்கும்படி தமிழில் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்ல முடிந்தால் நல்லது. தானே நேரில் போவதாகச் சார்ஜன் கமலநாதன் சொன்னார்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் என் வாயால் சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, நான் திருத்தச் சொன்ன இடம் திருத்தப்பட்டது. எனக்குத் தெரிந்த வரையில் இதில் பொய் இல்லை. மறைத்ததும் எதுவும் இல்லை. என் முழுச் சம்மதத்துடன் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சு. பிரேமலா

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என் கையால் எழுதப்பட்டது.

(ஒப்பம்) சார்ஜன் கமலநாதன்